ஆட்டத்தைக் கைவிடுங் காலம்

விளையாட்டுக்கள் பலவற்றுள்ளும் சதுரங்கத்திற்கென ஒரு தனி இயல்புண்டு. காற்பந்தாட்டத்தில் ஐந்து கோல்கள் பின்தங்கிய கட்சியாரும் நடுவரின் ஊதுகுழல் ஒலிக்குங்காறும் ஓடியே தீரவேண்டும். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருபவனும் எல்லைக்கோட்டைத் தாண்டிய பின்னரே நிற்பான். சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தவனுக்கோ, தன் வழக்கிற்குத் தானே தீர்ப்புரைத்துக்கொள்ளும் உரிமை அளிக்கப்பட்டிருக்கின்றது. “தோற்றேன்” என்று அவன் உரைத்த அக்கணமே ஆட்டம் முடிந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகள் இதனைச் சுருங்கக் கூறி அமைகின்றன. எந்நிலையில் அங்ஙனம் உரைத்தல் தகும், எந்நிலையில் தகாது என்பது பற்றி அவை யாதும் பேசா. உரைத்தே ஆகவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஒற்றை அரசனை வைத்துக்கொண்டு, இரண்டு ராணிகளுக்கெதிரே இறுதி முற்றுகை வரையில் ஒருவன் ஆடினும், அவனைக் குற்றங்கூற விதியில் இடமில்லை.

விதி பேசாது விட்ட இடத்தில் வழக்கமும் மரியாதையும் வந்து அமர்ந்துகொண்டன. ஆங்கே குழப்பமும் உடன் வந்தது. மாலைதோறும் நம் கல்லூரியின் சதுரங்க அறையில் மாணவருடன் இருந்துவருபவன் யான் ஆதலின், இவ்வினா அடிக்கடி என்முன் வருவதுண்டு. ஆசிரியர்களுள்ளும் இதில் இரு கட்சிகள் உள. கணிதம் கற்பிக்கும் நண்பர், இறுதி முற்றுகை விழுங்காறும் எழுந்திருத்தல் கூடாதென்பார். டார்ட்டகோவர் என்னும் பழைய ஆட்டவல்லுநர், ஆட்டத்தைக் கைவிட்டு எவரும் வென்றதில்லை என்ற பொருள்பட நகையாகச் சொல்லிப்போனதனை அவர் வேதவாக்கெனக் கொள்வார். ஆங்கிலம் கற்பிக்கும் நண்பரோ, தோல்வி கண்ணெதிரே நிற்கவும் ஆட்டத்தை இழுத்தடிப்பது, விருந்தினர் எழுந்த பின்னும் இலையை விட்டு எழாதிருப்பதனை ஒக்கும் என்பார். இருவரும் நல்லவர். இருவர் கூற்றும் முழுதும் சரியன்று என்பது என் கருத்து.

மேற்செல்லுமுன் காய்களின் பெயர் பற்றி ஒரு சொல். நம் பாட்டனார் காலத்துப் பலகையில் அரசனுக்கு அருகே நின்றவர் மந்திரியாரே. இன்று அவ்விடத்தை ராணி கைக்கொள்ள, மூலைவாட்டத்தில் செல்லுங் காய்க்கு மந்திரி என்ற பெயர் போயிற்று. மாணவர் வழக்கையே ஈண்டும் பின்பற்றுகின்றேன்: ராணி, யானை, மந்திரி, குதிரை, காலாள்.

அவசரப்பட்டுக் கைவிடுதலின் தீங்கிற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. 1902-ஆம் ஆண்டு மான்டி கார்லோவில் நடந்த போட்டியில் பொப்பீல் என்பவருக்கெதிரே மார்க்கோ என்பவர் கறுப்புக் காய்களுடன் ஆடினார். அவருடைய மந்திரி அசைய இயலாதபடி கட்டுண்டு நின்றது. எதிரியின் காய்கள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து குவிந்தன. இனி இம்மந்திரி பிழையாது என்று கண்ட மார்க்கோ ஆட்டத்தைக் கைவிட்டார். பிழையாது என்று அவர் எண்ணிய அம்மந்திரியையே வெள்ளையரசனுக்கு அடுத்த கட்டத்திற் கொண்டுபோய் வைத்திருப்பாராயின், ஒருபுறம் இறுதி முற்றுகையும் மறுபுறம் ராணியின் இழப்பும் வெள்ளையை ஒருங்கே நெருக்கியிருக்கும். அவர் தோற்ற ஆட்டத்தைக் கைவிடவில்லை. வென்ற ஆட்டத்தையே கைவிட்டார்! “அசையாது” என்று ஒரு முறை மனத்திற் பதிந்துவிட்ட காயை மீண்டும் ஏறிட்டு நோக்க அவருக்குத் தோன்றவில்லை போலும்.

பொறியுடன் மனிதர் பொருத காலத்திலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. 1997-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராயிருந்த காஸ்பரோவ், ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறியுடன் ஆறு ஆட்டங்கள் ஆடினார். முதலாவதில் வென்றார். இரண்டாவதில் இடர்ப்பட்டு, இனி வழியில்லையென்று கைவிட்டார். ராணியை எதிரியின் எல்லைக்குள் செலுத்தி, இடைவிடாது முற்றுகையிட்டுச் சமன்செய்ய வழியிருந்தது என்பதை அவர்தம் துணைவர் மறுநாள் அவருக்குக் கூறினர். அச்செய்தி அவரை எவ்வளவு வருத்தியதென்பது பலரும் அறிந்ததே. ஆறாட்டங்களும் முடிந்தபோது இரண்டரைக்கு மூன்றரை என்னும் கணக்கில் அவர் தோல்வியுற்றார். இங்கு அவரை வீழ்த்தியது யாதென நோக்கின், எதிரியின்பால் வைத்த அளவிறந்த நம்பிக்கையே என்று எனக்குத் தோன்றுகிறது. இத்துணை வலிய பொறி இத்துணை எளிய தப்புவழியைத் திறந்துவைக்குமோ என்று கருதி, அவ்வழியைத் தாமே தேடாது விட்டார் போலும். மார்க்கோ தம் காயை நம்பவில்லை. காஸ்பரோவ் எதிரியை மிகவும் நம்பினார். முடிவு ஒன்றே.

கணித நண்பர் இவ்விரண்டையும் கேட்டு மகிழ்வார். ஆயினும் தக்க வேளையில் கைவிட்டவர்களும் உளர். அவர்களை மறத்தல் முறையன்று.

1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன நம் விசுவநாதன் ஆனந்த், அவ்வாண்டிலேயே பியல் நகரத்துப் போட்டியில், கொலம்பியா நாட்டவரான சபாட்டாவுக்கெதிரே ஆறாம் நகர்த்தலில் ஆட்டத்தைக் கைவிட்டார். ஆறே நகர்த்தல்! வெள்ளை ராணி ஓரடி முன்வந்து நிற்க, ஆனந்தின் குதிரை தன் அரசனை மறைத்து நின்றமையால் விலகவும் இயலாது, காக்கப்படவும் இயலாது மாட்டிக்கொண்டது. இறுதி முற்றுகைக்கோ இன்னும் நெடுந்தூரம் இருந்தது. எனினும் ஒரு குதிரையை மிகுதியாகப் பெற்ற கிராண்ட்மாஸ்டர் அதனைக் கொண்டு என் செய்வார் என்பது ஆனந்துக்குத் தெரியும். ஆனந்துக்குத் தெரியும் என்பது சபாட்டாவுக்கும் தெரியும். ஆதலின் எஞ்சிய மூன்று மணி நேரத்தை இருவரும் வீணாக்கவில்லை. அதே நிலையில் நம் முதலாண்டு மாணவர் இருவர் அமர்ந்திருப்பராயின், கைவிடுக என்று யான் ஒருபோதும் சொல்லேன். மிகுதியாய்ப் பெற்ற குதிரையைப் பத்து நகர்த்தலுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது எங்கள் அறையில் அன்றாட நிகழ்ச்சி. பலகை ஒன்றே, காய்கள் நின்ற நிலையும் ஒன்றே. அமர்ந்தவர் வேறாயின் விடையும் வேறு.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் முடிந்த உலகப் போட்டியின் பதினான்காம் ஆட்டமும் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. டிங் லிரென், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதினரான குகேஷுக்கெதிரே ஒரு காலாள் குறைந்த நிலையில் நெடுநேரம் தாங்கி ஆடினார். அப்பொழுது அவர் கைவிடவில்லை. கைவிடவேண்டுவதுமில்லை, அந்நிலை சமனாகக்கூடியதே. ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் ஒன்றையொன்று வெட்டி ஒழிந்தன, அடுத்து மந்திரிகளும் ஒழிந்தன, அரசர்களும் காலாட்களும் மட்டுமே எஞ்சினர். வெள்ளையரசன் ஓரடி முன்வர, கறுப்பரசன் ஒரு கட்டம் இடைவிட்டு நேரெதிரே வந்து நின்றது. ஐம்பத்தெட்டாம் நகர்த்தலில் டிங் கையை நீட்டினார். உலகப் பட்டம் அக்கையசைவில் கைமாறிற்று. இன்னும் இருபது நகர்த்தல் ஆடியிருக்கலாமே என்று எவரும் கூறவில்லை. அரசனும் காலாளும் மட்டுமே உள்ள ஆட்டத்தில் மறைபொருள் ஏதுமில்லை. கணக்கு ஒன்றே உண்டு, அக்கணக்கை இருவரும் போட்டு முடித்துவிட்டனர்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்குங்கால் யான் கண்ட அளவுகோல் இது: எதிரி இனி எவ்வழியால் வெல்வான் என்பது எனக்கு அடிமுதல் முடிவரையில் தெரிந்திருக்கவேண்டும்; அவ்வழி அவனுக்கும் தெரியும் என்று நம்புதற்குப் பலகையிலேயே சான்று இருக்கவேண்டும். இரண்டும் இருப்பின் எழுந்திருக்கலாம். இரண்டில் ஒன்று குறையினும் இருக்கையை விட்டு அசையலாகாது. காய்களை எண்ணிப் பார்த்துக் குறைந்திருக்கின்றன என்று காணுதல் அறிதல் ஆகாது. உள்ளம் சோர்ந்ததும் அறிதல் ஆகாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. முன்னோராண்டில் வேறொரு கல்லூரியாருடன் நான்கு பலகைகளில் ஒரு போட்டி நடந்தது. மூன்று ஆட்டங்கள் முடிந்து, நாங்கள் ஒன்றரையும் அவர்கள் ஒன்றரையுமாய் நின்றோம். நான்காம் பலகையில் எங்கள் இளைய மாணவன் ஒருவன், எதிரே முதுகலை வகுப்பினர் ஒருவர். மாணவன் தன் கடைசிக் காலாளையும் இழந்தான். அவனிடம் அரசன் ஒன்றே எஞ்சியது. எதிரியிடம் ஒரு மந்திரியும் பலகையின் ஓரத்து வரிசையில் ஒரு காலாளும் இருந்தன. பையன் ஒரு நொடி பலகையை நோக்கினான், ஒரு நொடி எதிரே இருந்தவர் முகத்தை நோக்கினான். கடிகாரத்தை நிறுத்திக் கையை நீட்டிவிட்டான்.

சதுரங்கம் பயின்றோர் இந்நிலையை அறிவர். ஓரத்துக் காலாள் ராணியாகவேண்டின் மூலைக் கட்டத்தை அடைதல் வேண்டும். அம்மூலை கறுப்புக் கட்டம். எதிரியின் மந்திரியோ வெள்ளைக் கட்டங்களிலேயே திரிவது. எங்கள் பையனுடைய அரசன் மூலைக்கு அடுத்த கட்டத்திலேயே நின்றது. மூலையிற் சென்று அமர்ந்துவிடின், அவ்வரசனை அங்கிருந்து வெளியேற்ற மந்திரியால் இயலாது. மிகவும் நெருக்கின் முற்றுகையுமின்றி நகர இடமுமின்றி ‘ஸ்டேல்மேட்’ ஆகி ஆட்டம் சமனாகும். அரைப் புள்ளி கிடைத்திருக்கும், போட்டியும் சமனாயிருக்கும். ‘தோற்றேன்’ என்ற சொல்லை மீட்டுக்கொள்ள வழியில்லை.

எதிர்க் கல்லூரியின் ஆசிரியர்தாம் அதனை முதலில் எடுத்துக்காட்டினார். இகழ்ச்சியாக அன்று, பரிவோடு. பையனை வென்ற முதுகலை மாணவர் வியப்புடன், “இதை நானும் அறியேன், தம்பி. நீ மூலைக்குப் போயிருந்தால் எனக்கு ஒன்றும் ஓடியிருக்காது” என்றார். இச்சொல்லே என் நெஞ்சில் தைத்தது. வெல்லும் வழி பையனுக்குத் தெரியவில்லை. வெல்ல வழியில்லை என்பது எதிரிக்கும் தெரியவில்லை. அறியாத ஒருவர் அறியாத ஒருவருக்கு ஆட்டத்தைக் கொடுத்தார்.

திரும்பி வருகையில் அவனை அருகே இருத்தி, “ஏன் கைவிட்டாய்?” என்று கேட்டேன். நெடுநேரம் வாளாவிருந்தான். பின்னர், “ஐயா, அந்த அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லாமல் அரசனை மட்டும் வைத்துக்கொண்டு பெரியவர் எதிரே இன்னும் ஆடுவது மரியாதையாக இராதென்று தோன்றிற்று” என்றான்.

இவ்விடையை எள்ளி நகைத்தல் எளிது. எனக்கு நகை வரவில்லை. நம் வீடுகளில் மூத்தோர் முன் எதிர்த்து நில்லாமையைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பழக்குகிறோம்; அஃது அவன் விரல்களிலும் ஊறியிருந்தது. ஆயினும் பலகையின் இருபுறமும் அமர்ந்தவர்களுள் மூத்தோர் இளையோர் என்பதில்லை. எதிரிக்கு யாம் செய்யும் மெய்யான மரியாதை, அவன் தன் வெற்றியைத் தன் கையால் ஈட்டிக்கொள்ள விடுவதே. பையன் வெட்கத்தை மரியாதை என்று பெயரிட்டு அழைத்தான். இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருத்தலால், பதினேழு வயதினனுக்கு வேறுபாடு விளங்காதது இயல்பே. நாற்பது வயதினருக்கும் விளங்காதிருக்கக் கண்டிருக்கின்றேன்.

எதிரிக்குத் தெரியுமா என்று ஐயுற்று அமர்ந்திருத்தல் அவனை இழிவுபடுத்துவதாகாதோ என்று ஆங்கில நண்பர் வினவினார். 2013-ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிகழ்ந்ததனை அவருக்குச் சொன்னேன். அப்பொழுது மகளிர் உலகப் பட்டம் பெற்றிருந்த உஷெனினா, கிர்யா என்பவருடன் ஆடிய ஆட்டத்தில், கிர்யாவிடம் அரசன் ஒன்றே எஞ்சியது. உஷெனினாவிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் இருந்தன. இவ்விரண்டால் வெல்லலாம்; பிழையின்றி ஆடின் 33 நகர்த்தலுக்குள் முடியும். எனினும் மிக நுட்பமான முறை அது. ஐம்பது நகர்த்தலுக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. பட்டம் பெற்றவரால் முடிக்க இயலவில்லை, ஆட்டம் சமனாயிற்று. கிர்யா பட்டத்திற்கு மரியாதை காட்டி எழுந்திருப்பாராயின், அரைப் புள்ளியை இழந்திருப்பார். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நார்வே நாட்டு ஸ்டவாங்கரில் குகேஷ் செய்ததும் அத்தகையதே. கார்ல்சனுக்கெதிரே ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவர் நிலை மிகத் தாழ்ந்திருந்தது. ஆனால் பலகையில் காய்கள் இருந்தன, சிக்கல்கள் இருந்தன, கார்ல்சனின் கடிகாரத்தில் நேரமும் சுருங்கிக்கொண்டு வந்தது. வெல்லும் வழி இன்னதென இருவர்க்கும் முற்றும் தெளியாதவரையில் கைவிடுதற்குக் காரணமில்லை. கார்ல்சன் குதிரையைத் தவறாகச் செலுத்தினார், ஆட்டம் தலைகீழாயிற்று, கைவிட நேர்ந்தது அவருக்கே. அவர் மேசையைக் கையாற் குத்திய காட்சி உலகெங்கும் பரவிற்று.

கைவிடும் வேளையை ஒத்த அளவு கைவிடும் முறையும் கருதத்தக்கது. 1895-ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் நகரில் ஸ்டெய்னிட்ஸ் மிக அழகியதொரு தாக்குதலைத் தொடுத்தபோது, எதிரே ஆடிய பார்டெலெபன் தோல்வியை வாய்விட்டுக் கூறாது, எழுந்து அறையை விட்டுப் போய், தம் கடிகாரம் ஓடி முடியட்டும் என்று விட்டுவிட்டார். ஸ்டெய்னிட்ஸ் சுற்றியிருந்தோருக்கு மீதியை நடத்திக் காட்டினாராம். நூற்றாண்டு கடந்தும் அவ்வாட்டத்தைப் பேசுவோர் அச்செயலையும் உடன் பேசுகின்றனர். இதற்கு நேர்மாறாக, 1956-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பதின்மூன்று வயதுச் சிறுவனாயிருந்த பாபி ஃபிஷருக்கு டொனால்டு பைர்ன் தோற்றபோது, தோல்வி தெளிவான பின்னரும் கைவிடாது இறுதி முற்றுகை வரை ஆடவிட்டார். தோற்பவர் ஆடியது வெல்பவருக்காக. சிறுவன் தான் தொடுத்த மாலையைத் தானே கட்டி முடித்தான். ஆகையால் கைவிடாமையிலும் பெருந்தன்மை உண்டு. 1972-இல் ரேக்யவிக் நகரில் அதே ஃபிஷரிடம் பட்டத்தை இழந்த ஸ்பாஸ்கி, முன்னாள் இரவு நிறுத்திவைக்கப்பட்ட கடைசி ஆட்டத்தைத் தொலைபேசியிலேயே கைவிட்டார். அதனை நயமின்மை என்பாருமுளர். அப்போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், தம்மை வென்ற எதிரிக்குக் கைதட்டிய மனிதர் அவர் என்பதனால், யான் அங்ஙனம் கூறத் துணியேன்.

ஒரு வல்லுநர் முப்பது பேருடன் ஒருங்கே ஆடும் காட்சியாட்டங்களில் மட்டும் சற்று முன்னதாகவே எழுந்துவிடுதல் நன்று. அவர் பலகை பலகையாய் நடந்துகொண்டிருப்பவர். அவர் காலுக்கும் இரங்கவேண்டும் அன்றோ?

அம்மாணவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இவ்வாண்டுப் போட்டி ஒன்றில் அவன் மீண்டும் தோற்கும் நிலையில் இருந்தான். அவனிடம் அரசனும், ராணியாவதற்கு ஓரடியே குறைந்து நின்ற ஒரு காலாளும். எதிரியிடம் அரசனும் ராணியும். அக்காலாள் ஓரத்து வரிசையிலேனும் மந்திரி வரிசையிலேனும் நின்றிருப்பின், எதிரியின் அரசன் தொலைவில் இருந்தமையால் சமனாகியிருக்கலாம். நின்றது குதிரை வரிசையில். எதிரியின் ராணி முற்றுகையிட்டு முற்றுகையிட்டு நெருங்கி, அவன் அரசன் தன் காலாளுக்கே முன் சென்று ஒடுங்கும்படி செய்தது. அப்பொழுதும் அவன் எழவில்லை. கிடைத்த அவ்வொரு நகர்த்தலில் எதிரி தன் அரசனை ஓரடி முன்வைத்தான். பையன் மீண்டும் வெளிப்பட்டான், ராணி மீண்டும் அவனை ஒடுக்கிற்று, எதிரியின் அரசன் மீண்டும் ஓரடி வந்தது. அதன் பின்னரே அவன் கடிகாரத்தை நிறுத்தினான். எதிரி சிறிது வியந்து, “இன்னும் இருக்கின்றதே” என்றான். “உங்களுக்குத் தெரிகிறது” என்றான் இவன்.

பேருந்தில் என் அருகே அமர்ந்து, ஆட்டக் குறிப்புத்தாளின் பின்புறத்தில் மீதி நகர்த்தல்களை முடிவு வரையில் எழுதி என்னிடம் நீட்டினான். கணித நண்பர் பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, நான்காவதில் ராணிக்கு இன்னுஞ் சுருக்கமான வழி ஒன்றுண்டு என்றார். இல்லையென்றான் பையன். ஊர் வந்து சேருமட்டும் இருவரும் அதனை வாதித்துக்கொண்டு வந்தனர்.